பெர்னி சொன்னாள், பணம் கட்டினார்கள்

சிகாகோவுக்கு மேற்கே, சிசரோவிலோ பெர்வினிலோ, யார் வீட்டு பேஸ்மென்ட்டில் எஃகு உருண்டையைத் தட்டி ஆடும் பின்பால் மெஷின் படுத்துவிட்டாலும் முதல் போன் பெர்னடெட் பிலார்ஸ்கிக்குத்தான் போகும். பெர்னி வருவாள். கையில் ஒரு மீன்பிடிப் பெட்டி, அதற்குள் சால்டரிங் கம்பியும் பழைய பல்புகளும். மேல் கண்ணாடியை உருவிச் சுவரில் சாய்த்து வைப்பாள். சரிந்த பலகையைத் தூக்கி நிறுத்தி அடிவயிற்றைப் பார்ப்பாள். "யாருடா இதுல கை வச்சது? கசாப்புக் கடைக்காரனா?" என்று வீட்டுக்காரனை ஒரு பிடி பிடிப்பாள். சாயங்காலத்துக்குள் எஃகு உருண்டை மறுபடி ஓடும், மணிகள் அலறும், உருண்டையைத் தட்டிவிடும் ஃபிளிப்பர்கள் படபடவென்று அடிக்கும்.

பதினெட்டு வயதிலேயே பின்பால் தொழிற்சாலைக்குப் போனவள் அவள். ஆணி அடித்த பலகையில் வண்ண வண்ண வயர்களை வளைத்து இழுத்துக் கட்டும் வேலை. அந்த வயர்க்கட்டுதான் ஒரு மெஷினின் நரம்பு மண்டலம். ஆலை மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் கரண்டி பிடித்தாள். இடையில் ஒரு கல்யாணமும் நடந்து முறிந்தது. யாராவது கேட்டால், "ரொம்பக் குலுக்கினா மெஷின் டில்ட் ஆகி அணைஞ்சு போகும்ல, அப்படித்தான்" என்பாள். மேற்கொண்டு எவனும் கேட்க மாட்டான்.

அவளிடம் இருந்த பெரிய சொத்து அவள் வாக்கு. பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "வாங்கு" என்றால் வாங்குவார்கள். "நட" என்றால் நடந்துவிடுவார்கள். வியாழக்கிழமைகளில் ஸ்டான்கோ பாரின் பின்னறையில் பின்பால் போட்டி நடக்கும். அங்கே எந்தச் சண்டை வந்தாலும், "பெர்னி என்ன சொன்னா?" என்று ஒருத்தன் கேட்பான், அதோடு சண்டை முடிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் அவளுக்கு ரொம்ப வேண்டியவன் விர்ஜில் நெமெட்ஸ். நகரப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவியைப் பறிகொடுத்தவன். அவனிடம் ஒரே ஒரு மெஷின் இருந்தது. நீராவிப் படகுப் படம் போட்ட பழைய மெஷின், அவனும் மனைவி மார்லிஸும் கல்யாணமான புதிதில் வாங்கியது. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் பெர்னி போவாள். கூலிக்குப் பதில் அவன் கையால் போட்ட மிளகாய் ஊறுகாய் பாட்டிலோடு திரும்புவாள்.

இந்த நிலைமையில்தான் கேலப் ரஸ்முசன் வந்து சேர்ந்தான்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, எல்க் குரோவ் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, 'பிரேரி லாந்தர்' என்று பெயர்ப்பலகை மாட்டிய முப்பது வயதுப் பையன். பள்ளிக் கேன்டீனின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்கதான் பெர்னியா?"

"பாத்திரம் கழுவுற வேலைன்னா உள்ள போய்க் கேளு தம்பி. நான் கிளம்பிட்டேன்."

"நான் புதுசா பின்பால் மெஷின் செய்யப் போறேன். வயர் கட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். யாரைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்றாங்க."

பெர்னி அவனைத் திட்டவில்லை.  காரில் போய் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆலை மூடிய நாளிலிருந்து புது மெஷின் கட்ட அந்தக் கைகளை யாரும் கேட்டு வந்ததில்லை. பழசை ஒட்டுப் போடவும் கேன்டீனில் வெந்த சோளம் அள்ளிப் போடவும்தான் அவை இருந்தன. இப்போது ஒருத்தன் வந்து வாசலில் நிற்கிறான். அழாமல் என்ன செய்வாள்? அடுத்த வாரமே அவனிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

கேலப் செய்யவிருந்த மெஷின் 'சனிக்கோள் சர்க்கஸ்'. கேலபின் தலைமுறைக்காரர்கள் சின்ன வயதில் சனிக்கிழமை காலைகளில் வாயில் கஞ்சியோடு டிவியில் பார்த்த பொம்மலாட்டம். வளையத்தில் தொங்கும் குரங்கு, மூன்று கண் கோமாளி. பெயரைச் சொன்னதுமே ஸ்டான்கோ பாரில் பாதிப்பேர் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். விர்ஜில் சீட்டியே அடித்தான்.

"டேய் கிழவா, பல்லு விழுந்துடப் போவுது," என்றாள் பெர்னி.

"விழட்டும். அந்தக் கோமாளிக்கும் பல்லு கிடையாது," என்றான் விர்ஜில்.

மெஷினைக் கண்ணால் பார்க்கும் முன்பே முன்பணம் கட்டி வரிசையில் இடம் பிடிப்பது அந்த உலகத்து வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. பின்னால் நடந்த நாசமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. டிவி நிகழ்ச்சியையோ சினிமாவையோ வைத்து மெஷின் செய்வதென்றால் அதன் சொந்தக்காரர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஊருக்கு அறிவிக்கும்வரை மெஷின் செய்பவன் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அதனால் 'உரிமம் இருக்கா?' என்று கேட்டால், 'அதைப் பேச எனக்கு அனுமதி இல்லை' என்று பதில் வரும். கேட்டவர்கள் சரி என்று தலையாட்டிவிட வேண்டும். அதுதான் நாகரிகம். இருப்பவனும் அதே பதிலைச் சொல்லுவான், இல்லாதவனும் அதையே சொல்லலாம் என்பது ஏனோ ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் மண்டபத்தில் பின்பால் கண்காட்சி நடந்தது. கேலப் தன் முதல் மாதிரியைக் கொண்டுவந்தான். படமோ வண்ணமோ எதுவும் இல்லாத வெறும் மரப்பலகை, அதன்மேல் ஃபிளிப்பர்களும் சரிவுப் பாதைகளும் மட்டும். வயரெல்லாம் பெர்னி கட்டியது. ஆடிப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். உருண்டை வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. வரிசை கதவைத் தாண்டி நீண்டது. முன்பணம் வாங்குகிற மேசைக்குப் பக்கத்தில், கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தாய் மாதிரி பூரித்துப் போய் நின்றாள் பெர்னி.

அப்போது ஆரின் மல்க்கஹி கையைத் தூக்கினான். குழாய் வேலை செய்கிறவன், பாரில் எல்லாவற்றுக்கும் நொட்டை சொல்கிறவன்.

"மெஷின் அருமையா இருக்கு. ஆனா லைசென்ஸ் கையில இருக்கா? இருக்கு, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் காசு கட்டுறேன்."

கேலப் சிரித்தான். "அதைப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்லைங்க."

"ஏன் இல்லை? என் காசு பேசுதுல்ல?"

 வரிசையில் நின்ற ஒன்றிரண்டு பேர் செக் புத்தகத்தை மெல்ல மூடினார்கள். பெர்னி அதைப் பார்த்தாள்.  இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த வேலை, இவன் ஒருத்தன் வாயால் போய்விடுமோ?

"ஆரின்!" அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஃபிளிப்பர் பட்டன் உன் கைக்கு எட்டாத வயசுலயே நான் இந்தத் தொழில்ல இருக்கேன். இங்க யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. கேக்கிறவனுக்குத் தொழில் தெரியாதுன்னு அர்த்தம். நீ போய்ச் சாக்கடை அடைப்பு எடு. லைசென்ஸ் இருக்கு. நான் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆரின் காது சிவந்து வெளியே போனான். மூடிய செக் புத்தகங்கள் திறந்தன. அவற்றில் ஒன்று விர்ஜிலுடையது.

அவளுக்குத் தெரியுமா உரிமம் இருக்கிறதென்று? தெரியாது. கேலப் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. நல்ல வேலை செய்கிறவன் கணக்கையும் நேராகத்தான் வைத்திருப்பான் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

அந்தக் கோடை முழுக்க ஷெட்டில் வயர் கட்டினாள். ரேடியோவில் பேஸ்பால் ஓடும். மதியம் கேலப் குழம்பில் முக்கிய மாட்டிறைச்சி சான்ட்விச் வாங்கி வருவான், இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்து சட்டையில் சொட்டச் சொட்டச் சாப்பிடுவார்கள். முன்பணம் கட்டியவர்கள் போன் பண்ணினால் கேலப் போனை அவளிடம் நீட்டிவிடுவான். "வந்துக்கிட்டே இருக்கு. என் கையாலதான் கட்டுறேன்," என்பாள். அவர்களும் நிம்மதியாக வைத்துவிடுவார்கள்.

இலை உதிரத் தொடங்கிய சமயம் ஓவியன் அனுப்பிய படங்கள் வந்தன. குரங்கு, கோமாளி, வளையங்கள். கேலப் அன்றைக்கே அச்சுக்கு அனுப்பினான். பெர்னி கையில் வயரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய ஆலையில் உரிமம் வாங்கிச் செய்த மெஷின்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. சொந்தக்காரர்களிடம் போகிற ஒவ்வொரு படமும் திரும்பி வரும். தொப்பி சின்னதா இருக்கு, இன்னொரு படம் அனுப்பு. அந்த நடிகையோட மூக்கு சரியில்லை, மாத்து. மஞ்சள் எங்க மஞ்சள் இல்லை. ஒரு நாயின் வாலுக்காக வாரக்கணக்கில் வேலை நின்றிருக்கிறது. எல்லோரும் சொந்தக்காரர்களைச் சபித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே யாரும் சபிக்கவில்லை. கோமாளியின் மூன்றாவது கண் பச்சையாக இருந்தது. டிவியில் அது நீலம் என்று சிகாகோவில் பாதிப்பேர் சொல்லுவார்கள். ஆனால் எங்கிருந்தும் ஒரு 'கூடாது' வரவில்லை. கோடையிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு 'கூடாது'கூட வரவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. அதுதான் விஷயம்.

"கேலப்," என்றாள். "லைசென்ஸ் இருக்கா?"

அவன் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். "அதைப் பத்திப் பேச எனக்கு..."

"தம்பி. நான்டா கேக்குறேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். 

"பேச்சுவார்த்தை நடக்குது பெர்னி. சத்தியமா நடக்குது. அவங்க ஒரு தொகை கேக்கிறாங்க, முன்னாடியே. அது என்கிட்ட இல்லை. அதான் ரெண்டாவது தவணை கேட்டு எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை மெயில் போடுறேன். அது வந்ததும் லைசென்ஸ் வாங்கிடுவேன்."

"முதல் தவணை?"

அவன் ஷெட்டைச் சுற்றிக் கையைக் காட்டினான். வாடகை, மரம், மோட்டார்கள், மாட்டிறைச்சி சான்ட்விச், அவள் சம்பளம்.

"அப்போ லைசென்ஸ் வாங்கிட்டியான்னு கேட்ட ஜனங்ககிட்ட, லைசென்ஸ் வாங்கவே காசு கேக்கப் போற."

"நீங்க வாயைத் திறந்தீங்கன்னா எல்லாருக்கும் எல்லாம் போச்சு. திறக்காம இருந்தீங்கன்னா எல்லாருக்கும் மெஷின் கிடைக்கலாம். நான் திருடன் இல்லை பெர்னி. என் வீட்டையும் இதுல வச்சிருக்கேன்."

பொய் சொல்கிற கண்கள் இல்லை அவை. அதுதான் கொடுமை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிருப்பாள். இவன் தான் சொன்னதைத் தானே நம்புகிறவன். 'கிடைக்கலாம்' என்ற ஒரு சொல்லின் மேல் இத்தனை குடும்பங்களின் காசை ஏற்றி வைத்திருக்கிறான். அதைத் தூக்கிப் பிடித்தது அவள் வாக்கு.

அந்த வாரம் ஸ்டான்கோ பாருக்குப் போனபோது சொல்வதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை. விர்ஜில் எதிரே ஓடி வந்தான். அந்த வயதில் ஓடினான்!

"பெர்னி, ரெண்டாவது தவணை வரப் போகுதாமே? எனக்குக் கவலை இல்லை. படகை வித்துட்டேன். நேப்பர்வில்ல ஒரு பல் டாக்டர். சனிக்கிழமை வந்து காசு குடுத்து எடுத்துக்கிறாரு."

"படகையா? மார்லிஸ் மெஷினையா?"

"அவளும் சர்க்கஸ் பைத்தியம்தான், உனக்குத் தெரியாது. அந்தப் பொம்மலாட்டம் வர்ற நேரம் அடுப்புல பால் பொங்கினாலும் எழுந்து போக மாட்டா. அந்த இடத்துல சர்க்கஸ் வந்து நின்னா அவ சந்தோஷப்படுவா."

பெர்னிக்கு அதற்கு மேல் முடிவு பண்ண ஒன்றுமில்லை. நாற்காலியில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. ரெண்டாவது தவணை கட்டாதீங்க. சர்க்கஸுக்கு லைசென்ஸ் கிடையாது. இருக்குன்னு நான்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன். விர்ஜில், படகைக் குடுக்காதே."

 பின்னாலிருந்து ஒருத்தன், "கேலப் சம்பளம் குடுக்கலையா பெர்னி?" என்றான்.

"குடுத்துட்டான். நேத்துதான் விலகினேன்."

"அதானே பார்த்தேன். விலகினதும் வயித்தெரிச்சல்."

"நீ இப்படிப் பேசிப் பேசியே அந்தப் பையனை ஒழிச்சுக் கட்டிடுவே. அப்புறம் எங்களுக்கு மெஷினும் கிடையாது, காசும் கிடையாது."

"எல்லாரும் கட்டினாத்தானே லைசென்ஸ் வரும்? இவ ஒருத்தி குறுக்க விழுந்தா எப்படி வரும்?"

படங்கள் திரும்பி வராத கதையைச் சொன்னாள். பச்சைக் கண்ணைச் சொன்னாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்கள் முகங்கள் இறுகிக்கொண்டே போயின. கட்டிய காசு போய்விட்டது என்று நம்புவதைவிட, நாற்காலியில் நிற்கும் இந்தப் பொம்பளைக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நம்புவது சுலபம். மனுஷ மனசு எந்தப் பக்கம் சாயும்?

கடைசியில் விர்ஜில் பேசினான். கோபமே இல்லை அவனிடம். குழம்பிப் போயிருந்தான், அவ்வளவுதான்.

"அன்னைக்கு ஓட்டல்ல நம்புன்னு சொன்னே. இன்னைக்கு நம்பாதேன்னு சொல்றே. ரெண்டும் ஒரே வாய். நான் எதை எடுத்துக்கிறது பெர்னி? கேலப் ஆரம்பத்துல இருந்து ஒரே பேச்சுதான் பேசுறான்."

 ஆயுசு முழுக்கச் சேர்த்த வாக்கை அன்றைக்கு அந்த மண்டபத்தில் பொய்க்குச் செலவழித்துவிட்டாள். இன்றைக்கு உண்மைக்குக் கொடுக்க மிச்சம் இல்லை.

ஆரின் மூலையில் இருந்தான். 'பார்த்தியா' என்று அவன் சிரித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலியிலிருந்து இறங்க அவளுக்குக் கை கொடுத்தான். "விடு. இவங்க காதுல ஏறாது," என்றான். 

சனிக்கிழமை காலையில் விர்ஜில் வீட்டுக்கு ஓடினாள். பல் டாக்டரின் வேன் ஏற்கெனவே வாசலில் நின்றது. பேஸ்மென்ட்டில் அந்த டாக்டர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், எங்கே பிடித்துத் தூக்குவதென்று தெரியாமல்.

"விர்ஜில், கெஞ்சிக் கேக்கிறேன். ஒரு மாசம் பொறு. அப்புறம் வித்துக்க."

"ஒரு மாசத்துல வரிசையில என் இடம் போயிடும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்தது வந்துட்டே. மெஷினோட தலைப்பெட்டியை மடக்கிக் குடேன். நாங்க பண்ணினா எதையாவது உடைச்சு வைப்போம்."

பெர்னி மண்டியிட்டாள். பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியைத் திறந்து, அவளே எத்தனையோ தடவை சரிபார்த்த இணைப்புகளை ஒவ்வொன்றாக உருவினாள். போல்ட்டைக் கழற்றி, தலையைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல முன்னால் சாய்த்தாள். கால்களைக் கழற்றினாள். வேறு யார் கழற்றியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தரைவிரிப்பில் நான்கு குழிகள் தெரிந்தன, அத்தனை வருஷம் நின்ற தடம். விர்ஜில் அதில் ஒன்றைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

பாரில் கிட்டத்தட்ட எல்லோருமே இரண்டாவது தவணையைக் கட்டினார்கள். பெர்னியைப் போட்டிக்குக் கூப்பிடுவது நின்றது. பழுது பார்க்கவும் போன் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், பொம்மலாட்டத்தின் சொந்தக்காரர்கள் நாலு வரியில் ஒரு அறிக்கை விட்டார்கள். சனிக்கோள் சர்க்கஸ் மெஷின் செய்ய யாருக்கும் உரிமம் தரவில்லை, தரும் எண்ணமும் இல்லை. மறுநாள் ஷெட்டுக்குப் பூட்டு. கேலபின் வீடு போனது, அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்த காசு ஷெட்டை வாடகைக்கு விட்டவருக்கும் வக்கீலுக்குமே பத்தவில்லை. முன்பணம் கட்டியவர்கள் மறுபடியும் ஒரு வரிசையில் நின்றார்கள், ஒன்றும் வராத வரிசையில்.

யாராவது வந்து, 'நீ சொன்னது சரிதான் பெர்னி' என்று சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. அவளைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். அவளைக் கண்டால் இரண்டும் ஞாபகம் வரும்: அவள் பேச்சைக் கேட்டது, அப்புறம் கேட்காமல் போனது.

ஜனவரியில், பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு மதியம், பெர்னி இரவல் வேன் ஒன்றை விர்ஜில் வீட்டு முன்னால் நிறுத்தினாள். பின்கதவைத் திறந்தாள். போர்வை சுற்றிய ஒரு மெஷின் உள்ளே இருந்தது. அவளுடையது. ஆலை மூடிய அன்றைக்கு, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாகக் கேட்டு வாங்கிவந்தது. அவள் வீட்டில் விலைபோகும் பொருள் அது ஒன்றுதான்.

விர்ஜில் கோட் போடாமல் வாசல்படியில் வந்து நின்றான். வேனையும் அவளையும் பார்த்தான்.

"என்ன இது?"

"உனக்கு. படகு நின்ன இடத்துல நிக்கட்டும். நானே மாட்டித் தர்றேன்."

அவன் இறங்கி வந்தான். போர்வையை ஒரு ஓரமாக விலக்கினான். கண்ணாடிமேல் பனித்துகள் விழுந்தது, விரலால் துடைத்தான். பக்கவாட்டு பட்டனை அழுத்தினான். மின்சாரம் இல்லாத மெஷின், ஒன்றும் அசையவில்லை. திரும்பவும் அழுத்திப் பார்த்தான்.

"நல்ல மெஷின்," என்றான்.

"எடுத்துக்க விர்ஜில். ஒரு பக்கம் பிடி, போதும்."

"மாட்டேன்."

"ஏன்? வேற என்னதான் செய்யணும் நான்? சொல்லு, செய்றேன்."

அவன் போர்வையை மறுபடி இழுத்து மூடினான்.  

"இதை நான் வாங்கிட்டா உனக்கும் எனக்கும் கணக்கு தீந்துடும் பெர்னி. நீ நிம்மதியாத் தூங்குவே. எனக்கு அது வேண்டாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவனே வேனின் கதவை இழுத்துச் சாத்தினான். சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்தான். அப்புறம் பனியில் தன் கால்தடத்தின் மேலேயே கால் வைத்து, வீட்டுக்குள் போய்விட்டான்.